ஜங்க் வாக்ஸ்: எல்லாரும் பத்திரமா எடுத்து வெச்ச கார்டுகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறேன்.)

இன்னைக்கு ஒரு குப்பைக் கதை. நிஜமாவே குப்பைதான்.

1960-ஆம் வருஷம். நியூ ஜெர்சி கரையைத் தாண்டி அட்லாண்டிக் கடல்ல ஒரு குப்பைப் படகு போகுது. அதுல டாப்ஸ் கம்பெனி ஊழியர் சை பெர்கர் இருக்கார். படகு நிறைய பெட்டிகள். எட்டு வருஷமா கிடங்குல விக்காம இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்த பேஸ்பால் கார்டுகள். திருவிழாக் கடைக்காரங்ககிட்ட கூட விலை பேசிப் பார்த்தாச்சு, யாருக்கும் வேண்டாம். அத்தனையும் கடல்ல கொட்டிட்டுத் திரும்பிட்டாங்க. இதைப் பிற்காலத்துல பேட்டிகள்ல சொன்னது பெர்கரேதான்.

அந்தப் பெட்டிகள்ல 1952 மிக்கி மேன்டில் கார்டும் இருந்துச்சு. 2022 ஆகஸ்ட்ல அதே கார்டோட ஒரு பிரதி 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு.

இந்தக் கதையை எல்லாரும் இங்கேயே நிறுத்தி "அடடா"ன்னு உச்சுக் கொட்டுவாங்க. எனக்கு இதுக்கு அடுத்து நடந்ததுதான் பிடிக்கும். ஏன்னா இந்த "அடடா"வைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, நாம அந்தத் தப்பைப் பண்ணவே கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. ஒரு கார்டைக் கூடத் தூக்கிப் போடல. அதனாலேயே அவங்க கையில இருந்த கார்டுக்கு விலை இல்லாம போச்சு.

முதல்ல, பேஸ்பால் கார்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. உள்ளங்கையில அடங்குற அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவரோட புள்ளிவிவரம். பார்க்க நம்ம ட்ரம்ப் கார்டு மாதிரி இருக்கும், ஆனா இதுக்குன்னு ஆட்ட விதி எதுவும் கிடையாது. சேர்க்கணும், மாத்திக்கணும், அவ்வளவுதான். ஆரம்பத்துல சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வந்துச்சு. அப்புறம் பபிள் கம்மோட. மெழுகு பூசின தாள்ல சுத்தி, சூடு காட்டி ஒட்டியிருப்பாங்க. உள்ள தூசி மாதிரி மாவு படிஞ்ச ஒரு கம் பட்டை. கடைசி கார்டுல அந்த கம்மோட கறை ஒட்டியிருக்கும். அந்த மெழுகுத் தாள்தான் தலைப்புல இருக்கிற "வாக்ஸ்".

இப்போ மேன்டில் கார்டுக்கு வரேன். இது அவரோட முதல் கார்டுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்ல. முதல் கார்டு 1951-ல போமன் கம்பெனி போட்டது. சரி, டாப்ஸ் கார்டு அச்சடிக்கும்போதே அபூர்வமா இருந்துச்சான்னா, அதுவும் இல்ல. 1952 தொகுப்போட கடைசி வரிசை 311-ல இருந்து 407 வரை. எண்ணிப் பாருங்க, 97 கார்டு. ஆனா அச்சுத் தாள்ல 100 இடம். மிச்சம் மூணு இடத்தை நிரப்ப மூணு பேரை ரெண்டு தடவை போட்டாங்க. ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன், மூணாவது மேன்டில். அதாவது தன் வரிசையில பக்கத்துல இருக்கிறவங்களை விட மேன்டில் கார்டு ரெண்டு மடங்கு அதிகமா அச்சாச்சு.

அப்போ எப்படி அபூர்வமாச்சு? சீசன் முடியுற நேரத்துல கடைக்கு வந்ததால விக்கல, மிச்சம் கடலுக்குப் போச்சு. வித்த கார்டுகளைப் பசங்க சைக்கிள் சக்கரத்துக் கம்பியில துணிக் கிளிப் போட்டு மாட்டினாங்க, படபடன்னு பைக் சத்தம் வரும்னு. சுவத்துல எறிஞ்சு விளையாடினாங்க. ரப்பர் பேண்ட் போட்டு ஷூ டப்பாவுல வெச்சிருந்ததை, பையன் காலேஜ் போனதும் அம்மா வீட்டைச் சுத்தம் பண்ணும்போது குப்பையில போட்டாங்க. அமெரிக்காவுல இந்த அம்மா கதை ஒரு நாட்டுப்புறக் கதை அளவுக்குப் பிரபலம். அந்த அம்மாக்களைத் திட்டாத ஆளே இல்ல. ஆனா அந்த 1 கோடியே 26 லட்சத்துல பெரிய பங்கு அந்த அம்மாக்களோட உழைப்புதான்.

1970-கள், 80-கள்ல அந்தப் பசங்க வளர்ந்து சம்பாதிக்க ஆரம்பிச்சாங்க. தொலைச்சதைத் திரும்ப வாங்கணும்னு தோணுச்சு. வாங்கப் போனா கார்டு கிடைக்கல, விலை ஏறுது. விலை ஏறுதுன்னு பத்திரிகையில செய்தி வருது. இந்த நேரத்துல ஜேம்ஸ் பெக்கட்னு ஒரு புள்ளியியல் பேராசிரியர், கார்டு விலைகளைத் தொகுத்துப் போட ஆரம்பிச்சார். 1984-ல அது மாதப் பத்திரிகை ஆச்சு. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு விலை, ஏறியிருந்தா மேல் அம்பு, இறங்கியிருந்தா கீழ் அம்பு. பத்து வயசுப் பையன் பங்குச் சந்தைப் பக்கம் படிக்கிற மாதிரி இதைப் படிச்சான்.

என்னைக் கேட்டா, இந்த மொத்தக் கதையிலயும் முக்கியமான கண்டுபிடிப்பு அந்த அம்புதான். அதுக்கு முன்னாடி ஒரு கார்டு நல்லா இருக்கா இல்லையான்னு பையன் முடிவு பண்ணான். பிடிச்ச டீம், பிடிச்ச மூஞ்சி, பிடிச்ச பேரு. இப்போ பத்திரிகை முடிவு பண்ணுது.

இன்னொரு பக்கம் கம்பெனிகள். 1956-ல போமனை வாங்கினதுல இருந்து டாப்ஸ்தான் ஏகபோகம். ஃப்ளியர்னு ஒரு பபிள் கம் கம்பெனி வழக்குப் போட்டு 1980-ல ஜெயிச்சது. நீதிமன்றம் கொடுத்த நஷ்ட ஈடு எவ்வளவு தெரியுமா? 1 டாலர். சட்டப்படி அது மூணு மடங்காகி 3 டாலர். ஆனா கதவு திறந்துடுச்சே. 1981-ல ஃப்ளியரும் டான்ரஸும் கார்டு போட்டாங்க. அதே வருஷம் மேல்முறையீட்டுல டாப்ஸ் ஜெயிச்சது, கம்மோட கார்டு விக்கிற உரிமை எங்களுக்கு மட்டும்தான்னு. சரி, கம் வேண்டாம்னு ஃப்ளியர் ஸ்டிக்கர் கொடுத்தது, டான்ரஸ் ஜிக்சா துண்டு கொடுத்தது. யாரும் கவலைப்படல. ஏன்னா அந்த நேரத்துல கார்டு கம்முக்கான இலவசம்ங்கிற நிலைமை மாறி, கம்தான் கார்டுல கறை பண்ற தொல்லைன்னு ஆகியிருந்துச்சு. 1992-ல டாப்ஸே கம்மை எடுத்துடுச்சு.

1988-ல ஸ்கோர் வந்துச்சு. 1989-ல அப்பர் டெக். கலிபோர்னியாவுல ஒரு கார்டு கடையில உருவான யோசனை. பளபள தாள், போலி பண்ண முடியாத ஹாலோகிராம், மெழுகுக்குப் பதிலா ஃபாயில் பாக்கெட், மத்தவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல விலை. அவங்களோட முதல் தொகுப்புல 1-ஆம் நம்பர் கார்டுல யாரைப் போட்டாங்கன்னா, அதுவரை பெரிய லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடாத 19 வயசுப் பையனை. கென் கிரிஃபி ஜூனியர். சியாட்டில் தொப்பியோட படமே கிடையாது. சின்ன லீக்ல எடுத்த படத்துல தொப்பிக்கு மேல வண்ணம் பூசி சியாட்டில் தொப்பியா மாத்தினாங்க. சிரிச்ச முகம், கழுத்துல செயின். அந்தத் தலைமுறைக்கு அந்தக் கார்டு என்னன்னு விளக்குறது கஷ்டம். வீட்டுல ஒரு சாமி படம் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

கிரிஃபி உண்மையாவே மகத்தான ஆட்டக்காரரா ஆனார். 630 ஹோம் ரன். 2016-ல ஹால் ஆஃப் ஃபேம். சூதாட்டத்துல குதிரை ஜெயிச்சாச்சு. ஆனாலும் சாதாரண நிலையில இருக்கிற அந்தக் கார்டு இன்னைக்குப் பல லட்சம் டாலர் எல்லாம் போகல. ஒரு நல்ல ஷூ வாங்குற காசுதான். ஏன்னா அதை வாங்கின ஒவ்வொருத்தரும் அது விலை ஏறும்னு தெரிஞ்சே வாங்கினாங்க. பாக்கெட்ல இருந்து நேரா பிளாஸ்டிக் உறைக்குப் போச்சு.

இப்போ அளவைப் பத்திப் பேசலாம். கம்பெனிகள் எவ்வளவு அச்சடிச்சோம்னு சொன்னதே இல்ல. அந்தக் காலத் தொழில் பத்திரிகை ஒண்ணோட மதிப்பீடு, உச்சத்துல வருஷத்துக்கு 8,100 கோடி கார்டு. அமெரிக்க மக்கள்தொகை அப்போ சுமார் 25 கோடி. கைக்குழந்தையில இருந்து பாட்டி வரைக்கும் தலைக்கு 300 கார்டுக்கு மேல. ஒரு வருஷத்துக்கு! 1991-ல கார்டு வியாபாரம் 120 கோடி டாலரைத் தொட்டதா சொல்லுவாங்க. பெட்ரோல் பங்க்ல கார்டு, மளிகைக் கடையில கார்டு, மருந்துக் கடையில கார்டு.

பிழையைக் கூட தேடி வாங்கினாங்க. 1989 ஃப்ளியர்ல பில்லி ரிப்கன்னு ஒருத்தர் கார்டு. அவர் பிடிச்சிருக்கிற மட்டையோட அடிப்பக்கத்துல பேனாவால ஒரு பச்சையான கெட்ட வார்த்தை. யாரும் கவனிக்காம அச்சாகி வெளிய வந்துடுச்சு. ஃப்ளியர் பதறிப்போய் ஒரு தடவை வெள்ளை பூசி மறைச்சாங்க, ஒரு தடவை கிறுக்கினாங்க, கடைசியா கறுப்புக் கட்டம் போட்டாங்க. ஒவ்வொரு மறைப்பும் ஒரு தனி வகை ஆச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி விலை. சாஃப்ட்வேர்ல ஒரு பக்குக்கு நாலு பேட்ச் போட்டு நாலையும் காசுக்கு விக்கிற வாய்ப்பு நமக்கெல்லாம் கிடைக்கிறதில்ல.

சிரிப்பை விட்டுட்டு யோசிச்சா, இதுல நிஜமான காசு மாட்டிக்கிட்டிருந்துச்சு. பெட்டியைப் பிரிக்காம பரண்ல அடுக்கினவங்க சூதாடிகள் இல்ல. பையன் காலேஜ் ஃபீஸுக்குன்னு அப்பாக்கள் வாங்கினாங்க, பிறந்தநாளுக்கு பேரனுக்கு முழுத் தொகுப்பா தாத்தாக்கள் வாங்கிக் கொடுத்து "பிரிக்காதே"ன்னு சொன்னாங்க. ஒரு சின்னப் பையனுக்கு பொம்மையைக் கொடுத்துப் பிரிக்காதேன்னு சொல்றது எவ்வளவு விசித்திரம்! ஆனா அன்னைக்கு அது அன்புதான். அடுத்த மேன்டிலை உனக்காக நான் எடுத்து வெச்சிருக்கேன்னு அர்த்தம்.

கணக்கு எங்க இடிக்குதுன்னா, பழைய கார்டு விலை ஏறினதுக்குக் காரணம் அது பழசா இருந்தது இல்ல. மிச்சமில்லாம அழிஞ்சது. பழசாகுறது தானா நடக்கும். அழியுறதுக்கு யாராவது அலட்சியமா இருக்கணும். 1980-கள் முடிவுல அலட்சியமா இருக்க ஒருத்தர் கூட மிச்சமில்ல.

இது ஏன் யாருக்கும் தெரியல? பெக்கட் பத்திரிகையில போட்ட விலை, கடைக்காரர் உங்ககிட்ட விக்கிற விலை. நீங்க அவர்கிட்ட விக்கப் போனா கிடைக்கிற விலை வேற. ஆனா யாரும் விக்கப் போகலையே! எல்லாரும் வெச்சிருந்தாங்க. வெச்சிருக்கிற வரைக்கும் எல்லாரும் பணக்காரங்க.

1994 ஆகஸ்ட்ல ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம். 1904-க்கு அப்புறம் முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸ் நடக்கல. ரசிகர்கள் வெறுத்துப் போனாங்க. அடுத்த வருஷம் இணையத்துல ஒரு ஏலத் தளம் ஆரம்பிச்சது, பின்னாடி அதுக்கு ஈபேன்னு பேரு வந்துச்சு. வேலைநிறுத்தம் ஆசையைக் கொன்னுச்சுன்னா, ஈபே ரகசியத்தை உடைச்சுது. அதுவரைக்கும் உங்க ஊர்ல ஒரு கார்டு எத்தனை இருக்குன்னுதான் உங்களுக்குத் தெரியும். இப்போ ஒரே திரையில நாடு முழுக்க இருக்கிற பரணெல்லாம் தெரியுது. உங்க பரண்ல இருக்கிற அதே பெட்டி, பிரிக்காம, ஆயிரக்கணக்குல.

கார்டு கடைகள் வரிசையா மூடினாங்க. ஃப்ளியரை 1992-ல வாங்கினது யார் தெரியுமா? மார்வெல். ஆமா, ஸ்பைடர்மேன் மார்வெல்தான். கார்டு வியாபாரம் சரிஞ்சதும் காமிக்ஸ் வியாபாரமும் சேர்ந்து சரிய, 1996 டிசம்பர்ல மார்வெல் திவால் நீதிமன்றத்துக்குப் போச்சு. காமிக்ஸ்லயும் இதே கூத்துதான் நடந்துச்சு, அது தனி எபிசோட்.

சுமார் 1986-ல இருந்து 1993, 94 வரைக்குமான இந்தக் காலத்துக்குத்தான் பிற்பாடு "ஜங்க் வாக்ஸ்" காலம்னு பேர் வெச்சாங்க. குப்பை மெழுகு.

கம்பெனிகள் பாடம் கத்துக்கிட்டாங்க, ஆனா நாம நினைக்கிற பாடம் இல்ல. அச்சடிக்கிறதைக் குறைக்கிறதை விட, அபூர்வத்தையே தொழிற்சாலையில தயாரிக்கலாம்னு புரிஞ்சுக்கிட்டாங்க. 1990-லயே அப்பர் டெக், ரெஜி ஜாக்சன் கையெழுத்துப் போட்ட 2,500 கார்டை எண் போட்டு பாக்கெட்டுகளுக்குள்ள கலந்து விட்டது. 1991-ல டான்ரஸ் 10,000 பிரதி மட்டும்னு எண் போட்ட கார்டு விட்டது. அதுல இருந்து போய்ப் போய் "1/1", அதாவது உலகத்துலயே ஒரே ஒரு பிரதிங்கிற இடத்துக்கு வந்தாங்க. மைக் ட்ரவுட்டோட அப்படி ஒரு கார்டு 2020-ல 39 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அந்தக் கார்டு அபூர்வமாக ஒரு அம்மாவும் வீட்டைச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கல.

இன்னொரு வழி, கிரேடிங். கார்டை அனுப்பினா மூலை, ஓரம், மையம் எல்லாம் பார்த்து 1-ல இருந்து 10 வரை மார்க் போட்டு பிளாஸ்டிக்ல சீல் பண்ணித் தருவாங்க. 1991-ல ஆரம்பிச்ச பிஎஸ்ஏதான் இதுல பெரிய பேர். அவங்க முதல்ல மார்க் போட்ட கார்டு ஹோனஸ் வாக்னரோட பிரபலமான சிகரெட் கார்டு. 1909-ல இருந்து 1911-க்குள்ள வந்தது, உலகத்துல சில டஜன்தான் மிச்சம். ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினது. மார்க் 8. அத்தனை வருஷப் பழைய கார்டுக்கு ஓரமெல்லாம் அவ்வளவு கூர்மை. 2013-ல பில் மாஸ்ட்ரோங்கிற ஏலக்காரர் மோசடி வழக்குல குற்றத்தை ஒத்துக்கிட்டப்போ இதையும் ஒத்துக்கிட்டார்: அந்த ஓரத்தைக் கத்தரிச்சது அவர்தான். நிலையை மதிப்பிடுற தொழிலோட முதல் கார்டே வெட்டின கார்டு. கதையில எழுதினா நம்ப மாட்டாங்க.

சரி, இப்போ அந்தக் குப்பைக் கார்டுக்கு மதிப்பே இல்லையா?

விலையை விட்டுட்டுப் பார்த்தா எனக்கு ஒரு விஷயம் தோணுது. 1952 மேன்டிலைக் கையில தொட்ட மனுஷங்க இன்னைக்கு ரொம்பக் கம்மி. ஆனா 1987 டாப்ஸ், மர நிற ஓரம் போட்ட 792 கார்டு, அது அந்த வயசுல இருந்த எல்லாப் பசங்க வீட்டுலயும் இருந்துச்சு. நாப்பது, ஐம்பது வயசு அமெரிக்கர் ரெண்டு பேரை ஒரு மேசையில உட்கார வெச்சு அந்த மர ஓரத்தைக் காட்டுங்க, ராத்திரி முழுக்கப் பேசுவாங்க. எது விலையைக் கொன்னுச்சோ அதேதான் அந்த நினைவை எல்லாருக்கும் பொதுவாக்குச்சு. அபூர்வமான பொருளைப் பத்திப் பேச உங்களுக்கு ஆளே கிடைக்காது.

பிராட் பலூக்ஜியன்னு ஒரு எழுத்தாளர். 1986 டாப்ஸ் பாக்கெட் ஒண்ணைப் பிரிச்சு, அதுல வந்த 14 ஆட்டக்காரர்கள் இப்போ எங்கே, எப்படி இருக்காங்கன்னு தேடி 2015 கோடையில கார் எடுத்துக்கிட்டு கிளம்பினார். 11,000 மைலுக்கு மேல. 2020-ல "தி வாக்ஸ் பாக்"னு புத்தகமா வந்துச்சு. அதுல பெரும்பாலும் சாதாரண ஆட்டக்காரர்கள். கார்டு உலகத்துல இவங்களுக்கு "காமன்ஸ்"னு பேரு. பெக்கட் பத்திரிகையில தனி வரி கூட கிடைக்காது. எழுத்தாளருக்குச் சின்ன வயசுல ரொம்பப் பிடிச்ச ஆட்டக்காரர் டான் கார்மன். ஹால் ஆஃப் ஃபேம் பக்கமே போகாதவர். பத்திரிகைக்காரங்க கேக்குற கேள்விக்கெல்லாம் வழக்கமான 37 பதில்களை லிஸ்ட் போட்டுத் தன் லாக்கர்ல ஒட்டி, இதுல ஒண்ணை எடுத்துக்கோங்கன்னு விட்ட ஆள். அம்பு பார்த்து யாரும் கார்மனைத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

இவருக்கெல்லாம் முன்னோடி ஜெஃபர்சன் பர்டிக். சிரக்யூஸ்ல ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. மூட்டுவாதத்துல கை விரல் எல்லாம் மடங்கிப் போச்சு. கல்யாணம் பண்ணிக்கல. வாழ்நாள் முழுக்க கார்டு, சீட்டு, விளம்பரத் துண்டுன்னு மூணு லட்சத்துக்கு மேல சேர்த்து, எல்லாத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதுல பேஸ்பால் கார்டு மட்டும் 30,000-க்கு மேல. வாக்னர் கார்டும் உண்டு. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஆல்பத்துல ஒட்டினார். ஆமா, பசை போட்டு! இன்னைக்குக் கிரேடிங் பண்றவங்க கேட்டா மயக்கம் போட்டுடுவாங்க. 1963 ஜனவரியில கடைசி கார்டை ஒட்டி முடிச்சார், மார்ச்ல இறந்துட்டார். இப்போவும் அந்த அருங்காட்சியகத்துல மாத்தி மாத்தி காட்சிக்கு வைக்கிறாங்க.

ஊரடங்கு காலத்துல பரண்களெல்லாம் திரும்பத் திறந்துச்சு. பழைய பெட்டிகளை எடுத்து எல்லாரும் கிரேடிங்குக்கு அனுப்பினதுல பிஎஸ்ஏ மூச்சு முட்டி, 2021 வசந்தத்துல புது கார்டு வாங்குறதையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டியதாச்சு. அதே வருஷம் விஸ்கான்சின்ல ஒரு டார்கெட் கடை வாசல்ல கார்டுக்காக அடிதடி நடந்து, அந்தக் கடைக்காரங்க கொஞ்ச நாள் கடைகள்ல கார்டு விக்கிறதையே நிறுத்தினாங்க. 2022 தொடக்கத்துல ஃபனாட்டிக்ஸ் கம்பெனி டாப்ஸை வாங்கிடுச்சு.

எபிசோட் அறிவிப்பு போட்டதும் ஒரு கேள்வி வந்திருந்துச்சு: அமெரிக்காவுல இருக்கிற மாமா வீட்டு பேஸ்மென்ட்ல பழைய வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன கார்டுப் பெட்டி இருக்காம், என்ன பண்ணலாம்? வருஷத்தைப் பாருங்க. 1980-க்கு முன்னாடின்னா, எதையும் தொடாம விவரம் தெரிஞ்சவர்கிட்ட காட்டுங்க. 1986-ல இருந்து 94-க்குள்ளன்னா, கிரிஃபி இருக்கானு ஒரு தடவை தேடிட்டு, கிரேடிங்குக்குக் காசு கட்டாதீங்க, பெரும்பாலும் கார்டை விட கட்டணம் அதிகம். பாக்கெட்டைப் பிரிச்சு மாமா பசங்ககிட்ட கொடுங்க. கம் இருந்தா மட்டும் வாயில போடாதீங்க, அதுக்கு உங்களை விட வயசு அதிகம்.